நாலு மணித் தண்ணீர்

வாடகைக் கூடாரம்.
நான்கு பேர் படுக்கலாம் என்றான் வேளச்சேரிக் கடைக்காரன்.
எந்த நான்கு பேர் என்று சொல்லவில்லை.
டில்லிபாபு ஒருவனே இரண்டு பேர்.

சனிக்கிழமை இருட்டோடு வியாசர்பாடியில் வண்டி ஏறினோம்.
செங்குன்றத்தில் பொங்கல்,
ஊத்துக்கோட்டையில் டீசல்,
அப்புறம் மாந்தோப்புகள்,
அப்புறம் போனில் ஒற்றைக் கோடு,
அதுவும் போனது.
நஸ்ரீன் மட்டும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
போனுக்கு வானத்தைக் காட்டிக்கொண்டே வந்தாள்
குழந்தைக்கு நிலாக் காட்டுவதுபோல.

ஆறு
நான் நினைத்து வந்ததைவிட ஒல்லி.
முழங்கால் ஆழம்தான்.
அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம்.
கணுக்கால் நனைய ஓரத்திலேயே நின்றுவிட்டேன்.

வாரத்தில் ஆறு நாள் என் வேலை
லாரித் தண்ணீர்ப் புகார் எடுப்பது.
தெரு, பிளாக், எத்தனை வீடு, எத்தனை லிட்டர்.
இங்கே எதுவும் கேட்காமல்
என் கால்விரல் இடுக்கில் போய்க்கொண்டிருந்தது
யார் பெயரிலும் பதிவாகாத ஒன்பதாயிரம் லிட்டர்,
அதன் பின்னாலேயே
இன்னொரு ஒன்பதாயிரம்.
"உள்ள வாடி" என்றாள் ஜெபமலர்,
புருஷன் தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றியபடி.

கூடாரத்துக்கு ஒரு முளை குறைந்தது.
அந்த மூலையில் சாம்பார்க் கரண்டியை
கல்லால் அடித்து இறக்கினான் டில்லிபாபு.
சாம்பாரைத் தம்ளரால் மொண்டுகொண்டோம்.
விறகு ஈரம், சோறு அரை வேக்காடு,
யாரும் குறை சொல்லவில்லை.
கரன்ட் போன இருட்டு எனக்குத் தெரியும்.
இது வேறு.
எந்த நம்பருக்கும் போன் போட்டுப்
புகார் சொல்ல முடியாத இருட்டு.

துணிக்கு அந்தப் பக்கம்
ஆறு ஓடிக்கொண்டே இருந்தது.
முதலில் டில்லிபாபு, குறட்டைக்கு நடுவில்:
"யாருப்பா அது, குழாய மூடுங்க."
ஜெபமலர் புரண்டு படுத்தாள், கண் திறக்காமல்:
"தொட்டி ரொம்பி வழியுது, மோட்டார நிறுத்து."
நஸ்ரீன் காதில் பஞ்சு.

நான் எழுந்துவிட்டேன்.
மணி நாலு, நாலே கால் இருக்கும்.
தண்ணி வருது
தண்ணி வருது என்று
ஜிப்பைப் பிய்க்காத குறையாய்த் திறந்து
கையில் அகப்பட்ட சாம்பார்க் குண்டானோடு
வெறுங்காலில் ஓடினேன்.

வரிசையில் யாரும் இல்லை.
நீலக் குடம் இல்லை, பச்சைக் குடம் இல்லை.
கல் வைத்து இடம் பிடித்துவிட்டுத்
தூங்கப் போகும் ஏழாம் பிளாக் கன்னியம்மா இல்லை.
எத்தனை மணி வரைக்கும் வரும் என்று
யாரைக் கேட்பது?

குண்டானை முக்கினேன்.
நிறைந்தது.
திருப்பி ஊற்றினேன்.
மறுபடி முக்கினேன்.
எதிர்க்கரையில் ஏதோ ஒன்று,
மானோ, வழி தப்பிய மாடோ,
குடிப்பதை நிறுத்தித் தலை தூக்கியது.
இவளுக்கு என்ன வந்தது என்று
கொஞ்ச நேரம் பார்த்தது.
பிறகு மறுபடி குனிந்தது.

ஞாயிறு முழுக்க இதை யாரிடமும் சொல்லவில்லை.
ஆற்றில் இறங்கி சோப்பைப் பிரித்த ஜெபமலரை மட்டும்
அதட்டிவிட்டேன்:
"கீழ யாராச்சும் குடிப்பாங்கடி."
இங்க யாருடி என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.

கரண்டி காட்டிலேயே நின்றுவிட்டது.
முதலிலேயே இல்லாத முளைக்கு
எங்களிடம் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டான் கடைக்காரன்.

திங்கட்கிழமை முதல் அழைப்பு புளியந்தோப்பிலிருந்து.
"லாரி வந்து நாலு நாளாச்சு மேடம்."
அந்தம்மா பேசப் பேச
பின்னால் காலிக் குடம் ஒன்று
உருண்டு, சுவரில் முட்டி, நின்றது.
அதற்குப் பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை.
"லைன்ல இருக்கீங்களா?"
செருப்புக்குள் மணல் உறுத்தியது.
இருக்கேன்மா, என்றேன்.
சொல்லுங்க,
எத்தனை லிட்டர்?